கருமாங்காட்டு முடிச்சு

சிமெண்டு லாரி வந்து நின்றபோது அந்த ஆழ்துளைப் போரிலிருந்து தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. அது செய்த குற்றமே அதுதான்.

குழாயடியில் பெண்கள் குடங்களோடு நின்றார்கள். லாரிக்காரன் என்ஜினை அணைத்துவிட்டுப் பல்லைக் குத்திக்கொண்டிருந்தான். யாராவது ஓர் அதிகாரி வந்து பார்த்துத் தலையாட்டினால் குழிக்குள் கலவையை ஊற்றிவிட்டு அடுத்த ஊருக்குப் போகலாம் என்று அவன் கவலை அவனுக்கு. அந்த அதிகாரி கோகிலவாணி. நிலத்தடி ஆணையத்தில் சரிபார்ப்பு அலுவலர். பூமிக்கு அடியில் எந்த ஆழத்தில் என்ன பாறை, எங்கே வெடிப்பு, எங்கே தண்ணீர் என்று கம்ப்யூட்டர் கட்டி வைத்திருக்கும் மாதிரியை நிஜக் கிணறுகளோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டியது அவள் வேலை. மாதிரி தப்பாக இருந்தால் மாதிரியைத் திருத்துவார்கள் என்று நம்பித்தான் இந்த வேலைக்கு வந்தாள். வந்த பிறகுதான் தெரிந்தது, இவர்கள் திருத்துவது கிணற்றை.

"வாங்க மேடம்," என்றாள் சம்பூரணம். "தண்ணி வருதுங்க. கண்ணுக்குத் தெரியுதுங்களா, இல்ல கம்ப்யூட்டரைக் கேட்டுத்தான் சொல்லுவீங்களா?"

சம்பூரணம் விசைத்தறி ஓட்டுகிறவள். கருமாங்காட்டூருக்குக் கிழக்கே இருக்கும் அந்த நெசவாளர் காலனியின் தண்ணீர்க் கமிட்டிக்கு அவள்தான் தலைவி. யாரும் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கவில்லை. வாய் இருந்தது, அது போதுமாக இருந்தது. கோகிலவாணிக்குப் பார்த்த மாத்திரத்தில் அவளைப் பிடித்துப்போயிற்று.

"தெரியுதுங்க அக்கா. எவ்வளவு வரும்?"

"ரெண்டு இஞ்ச். சித்திரையில ஒண்ணரை. முந்நூத்திப் பத்தடியில வெடிப்பு. போர் போடற ரிக்குக்குப் பக்கத்துல நின்னு நானே பாத்தனுங்க. கல்லுப் பொடியா வந்துட்டே இருந்துச்சு, திடீர்னு சேறாச்சு, அப்பறம் பார்த்தா பனைமர ஒசரத்துக்குப் பீச்சியடிக்குது. காலனியே நனைஞ்சு போச்சு."

"அகழ் என்ன சொல்லுதுன்னா, இங்க ஆயிரம் அடிக்கும் ஒரே கருங்கல்லு. ஒரு கீறல்கூட இல்ல. அதனால தண்ணியும் இல்ல."

"அப்ப இது என்னதுங்க, கம்ப்யூட்டரு விட்ட கண்ணீரா?"

வரிசையில் நின்ற பெண்கள் சிரித்தார்கள். கோகிலவாணியும் சிரித்துவிட்டு, அரசாங்க முகத்தை மறுபடி மாட்டிக்கொண்டாள். அகழ் என்பது அந்த மாதிரியின் பெயர். தமிழ்நாடு முழுவதற்கும் பூமிக்கு அடியில் என்ன இருக்கிறது என்று அதற்குத் தெரியும். அப்படித்தான் சட்டமே சொல்கிறது.

"ஏனுங்க மேடம், தெரியாமத்தான் கேக்கறேன். தப்பாச் சொன்னது அது. சிமெண்டு எங்களுக்கா?"

"சட்டம் அப்படித்தான் அக்கா. மாதிரிக்கு ஒத்துவராத கிணறு 'பிழைக் கிணறு'. அதை விட்டு வெச்சா அகழோட கணக்குக் கெட்டுப்போகும். கணக்குக் கெட்டா எந்த ஊருக்கு என்ன திட்டம்னு போட முடியாது. அதனால மூடிடணும். மூடறதுக்கு முன்னாடி என்னை மாதிரி ஒருத்தர் நேர்ல வந்து பாக்கணும். அந்த ஒண்ணுதான் மிச்சம் வெச்சிருக்காங்க."

"மூடினா அப்பறம்?"

"தண்ணியில்லாத எடம்னு எழுதிடுவாங்க. தண்ணியில்லாத எடத்துல யாரும் குடியிருக்கக் கூடாது. உங்களையெல்லாம் கூட்டிட்டுப் போய் பைபாஸ்ல கட்டியிருக்கற அடுக்குமாடியில விட்டுடுவாங்க."

"தறி?"

"தறி மாடியில ஏறாதுங்க அக்கா."

சம்பூரணம் முந்தானையை உதறி இடுப்பில் செருகினாள். "என்னை ஒருக்கா வேரோட பேத்து நட்டாச்சுங்க மேடம். கட்டிக்குடுத்த ஊருல கெணறு தளும்பத் தளும்ப இருந்துச்சு. அதையும் இப்படித்தான் வந்து மூடினாங்க. எங்க வீட்டுக்காரரு அந்த அடுக்குமாடியில ஒரு வருசம் சும்மா ஒக்காந்திருந்தாரு. தறிச் சத்தம் இல்லாமத் தூக்கம் வரலைன்னு சொல்லிட்டே இருந்தாரு, அப்பறம் குடிக்கப் போனாரு, அப்பறம் போயே போயிட்டாரு. அக்கட்டால இருந்து ஓடியாந்து இங்க ஒரு தறியப் போட்டு நிமுந்திருக்கறேன். மறுக்கா என்னால முடியாது. சொல்லிப்போட்டேன்."

கோகிலவாணி நேரே லாரிக்காரனிடம் போய், "பாறைத் தூள் பரிசோதனை பாக்கி இருக்கு. வெள்ளிக்கிழமை வா" என்றாள். அப்படி ஒரு பரிசோதனையே கிடையாது. அவனுக்கு அது எங்கே தெரியப்போகிறது? ஆணையத்தின் பெரிய தலைகளுக்கே தெரியாது.

ஜீப்பில் உட்கார்ந்ததும் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. வருஷா வருஷம் அகழின் துல்லியம் ஏறுகிறதாம். பத்திரிகையில் படம், தொலைக்காட்சியில் பேட்டி, சால்வை, கேடயம். ஏறாமல் என்ன செய்யும்? தோற்கிற பிள்ளைகளையெல்லாம் ஒன்பதாம் வகுப்பிலேயே விரட்டிவிட்டு, பத்தாம் வகுப்பில் நூற்றுக்கு நூறு தேர்ச்சி என்று வாசலில் பேனர் கட்டுகிற பள்ளிக்கூடத்தைப் பார்த்ததில்லையா? அதே வித்தைதான். ஒத்துவராத கிணறு ஒன்றை மூடு, துல்லியம் கொஞ்சம் ஏறும். இன்னொன்றை மூடு, இன்னும் கொஞ்சம் ஏறும். செருப்புக்குத் தகுந்தபடி காலை வெட்டுகிற கூட்டம், வெட்டிய காலைக் காட்டி, பார், செருப்பு எவ்வளவு கச்சிதம் என்கிறது.

மடியில் இருந்த பலகைக் கணினியில் அகழைத் திறந்தாள். காலனிக்கு அடியில் ஒரே கறுப்பு. வழவழவென்று கருங்கல். அப்படியே விரலை மேற்கே நகர்த்தினாள். நாலைந்து கிலோமீட்டர் தள்ளி, மெயின் ரோட்டிலிருந்து ஊருக்குப் பாதை பிரிகிற கருமாங்காட்டூர்ப் பிரிவு. அங்கே கண்ணைப் பறித்தது. பச்சை, மஞ்சள், நீலம், ஆரஞ்சு என்று மிட்டாய்க்கடைக் கண்ணாடி ஜாடி மாதிரி இருந்தது பூமி. ஐம்பது அடியில் தண்ணீர், நூறில் தண்ணீர், முந்நூறில், எண்ணூறில், எங்கே தொட்டாலும் தண்ணீர். இதுதான் உலகப் புகழ்பெற்ற கருமாங்காட்டு முடிச்சு.

அதே இடத்தில் இருபதடியில் கருங்கல் என்கிறது ஒரு கிணறு. அதே இடத்தில் இருபதடியில் வெள்ளைக்கல் என்கிறது இன்னொன்று. மூன்றாவது, நூறடிக்கு வெறும் மண் என்கிறது. சாதாரண மனிதன் என்றால் எங்கேயோ தப்பு நடந்திருக்கிறது என்பான். பேராசிரியர்கள் அப்படிச் சொல்லலாமா? பூமி அந்த இடத்தில் தன்னைத்தானே மடித்து, மடித்ததைப் பின்னி, பின்னியதை முடிந்து வைத்திருக்கிறது என்றார்கள். அதைப் பற்றி மாநாடு நடத்தினார்கள். சென்னையை விட்டு நகராமலே இரண்டு பேர் அதில் டாக்டர் பட்டம் வாங்கினார்கள். கேட்கிறவன் கேனையனாக இருந்தால் கேழ்வரகில் நெய் வடிகிறது என்பார்களாம். இங்கே கருங்கல்லிலேயே வடிந்தது.

முடிச்சைப் பார்க்க இதுவரை ஒருத்தரும் நேரில் போனதில்லை. கோகிலவாணியும் போனதில்லை. அங்கே இருக்கிற கிணறுகள் எல்லாம் அகழோடு அச்சு அசலாகப் பொருந்துகிறவை. பிழைக் கிணறு இல்லாத இடத்தில் சரிபார்ப்பு அலுவலருக்கு என்ன வேலை? ஆனால் அன்றைக்கு அவளுக்கு ஒரு ஆத்திரம். இவ்வளவு தண்ணீரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இந்தக் காலனிக்கு மட்டும் ஒரு கீறல்கூடக் கொடுக்காத பூமி எப்படித்தான் இருக்கிறது, பார்த்துவிடுவோம் என்று ஜீப்பைத் திருப்பினாள்.

பிரிவில் இறங்கிச் சுற்றிப் பார்த்தாள். திரையில் நூற்றுக்கணக்கான கிணறுகள். தரையில் ஒன்றுகூட இல்லை. ஒரு பிள்ளையார் கோயில், ஒரு பஞ்சர் கடை, புளியமர நிழலில் வரிசையாக நிற்கும் ரிக் வண்டிகள், அவற்றுக்கு எதிரே நியூ மேனகா பேக்கரி. கைப்பம்புகூடக் கிடையாது. பேக்கரிக்கே தண்ணீர் டிராக்டரில் வந்து இறங்கிக்கொண்டிருந்தது.

வாசல் பெஞ்சில் ஒரு ஆள் டீ கிளாசைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, முட்டை பப்ஸைக் கடித்தபடி போனில் எதையோ தட்டிக்கொண்டிருந்தான். சட்டையெல்லாம் கல் தூசி. பெயர் பொன்னுரங்கம், ரிக் வண்டி மேனேஜர் என்று கேட்டதும் சொன்னான். அவள் ஆணையத்துக்காரி என்று தெரிந்ததும் எழுந்து நின்றான்.

"உக்காருங்கண்ணா. என்ன பண்றீங்க?"

"ரிப்போட்டு ஏத்தறனுங்க மேடம். போர் போட்டா அன்னிக்கே ஏத்தோணுமில்லீங்க? இல்லாட்டி லைசென்ஸைப் புடுங்கிப்போடுவீங்களே."

"எந்தப் போர்?"

"மலையடியில போட்டதுங்க. காலையில முடிஞ்சுது. மேல மண்ணு, அப்பறம் வெள்ளைக்கல்லு, அப்பறம் கருங்கல்லு. நானூத்தம்பது அடியில ஒரு இஞ்ச் தண்ணி."

"மலையடியா? அது இங்கிருந்து ரொம்பத் தூரமாச்சே. அதை இங்க உக்காந்தா ஏத்தறீங்க?"

"பின்ன என்னங்க? அங்க டவர் எங்க கெடைக்குது? கெடைச்சாலும் அந்தக் கம்ப்ரசர் சத்தத்துல, அந்தத் தூசியில, இந்த வெயில்ல எவனுங்க நின்னு டைப் பண்ணுவான்? இங்க வந்தமா, டீயக் குடிச்சமா, ஏத்தினமா, போனமான்னு இருக்கோணும்."

"கிணறு இருக்கற எடத்தை எப்படிப் போடுவீங்க?"

"அதை நாம போட வேண்டியதே இல்லீங்க. போனே எடுத்துக்கும்." பெருமையாகச் சொல்லிவிட்டு, பப்ஸ் எண்ணெயை லுங்கியில் துடைத்துக்கொண்டு பொத்தானை அழுத்தினான். "பாருங்க, பச்சை. 'பொருந்துகிறது'. நான் ஏத்தி ஒண்ணுகூடச் சிவப்பு வந்ததில்லீங்க."

கோகிலவாணி திரையைப் பார்த்தாள். பேக்கரிக்கு அடியில் புதிதாக ஒரு கிணறு முளைத்திருந்தது. மண், வெள்ளைக்கல், கருங்கல், நானூற்றைம்பது அடியில் தண்ணீர். அகழ் அதை ஒரு முனகல்கூட இல்லாமல் விழுங்கி, முடிச்சில் இன்னொரு முடிச்சுப் போட்டுக்கொண்டது.

"எல்லா வண்டிக்காரரும் இங்கிருந்துதானா?"

"நம்ம பக்கத்து வண்டி பூராம் இங்கதானுங்க. மத்த ஊர் வண்டின்னா அவங்கவங்களுக்கு ஒரு பேக்கரி இருக்குமில்லீங்க?"

அவளுக்குச் சிரிப்பு வந்தது. பெஞ்சில் உட்கார்ந்து கண்ணில் நீர் வரச் சிரித்தாள். தமிழ்நாட்டின் நீர்வளம் எங்கே என்று அகழிடம் கேட்டால், முட்டை பப்ஸ் கிடைக்கிற இடத்தையெல்லாம் காட்டும்! பொன்னுரங்கம் பயந்துபோய் இன்னொரு டீ சொன்னான்.

டீ வருவதற்குள் சிரிப்பு நின்றுவிட்டது. அகழ் பாடம் படித்தது இந்தப் பெஞ்சிலிருந்து. பரீட்சை எழுதியதும் இதே பெஞ்சிலிருந்து. போர்க் கணக்கு ஒன்றும் வந்து சேராத இடமெல்லாம் அதற்கு வெறும் கருங்கல். இங்கே உட்கார்ந்து ஏற்றியது எல்லாம் பச்சை. ஊர் ஊராகக் கணக்கெடுக்கப் போன யாரோ ஓர் அலுவலர் வெயிலில் நடந்துபோய், கிணற்றடியிலேயே நின்று அளந்தது எல்லாம் சிவப்பு. சிவப்பெல்லாம் மூடியாயிற்று. அப்படியென்றால் இத்தனை நாளாகச் சிமெண்டு ஊற்றியது முழுவதும் தண்ணீர் வந்துகொண்டிருந்த நல்ல கிணறுகளில். அவள் தலையாட்டி மூடியவையும் அதில் உண்டு. டீக்குக் காத்திருக்காமல் எழுந்தாள்.

அன்று மத்தியானமே துணை இயக்குநர் பரந்தாமனின் அறையில் போய் நின்றாள். பரந்தாமன் முட்டாள் இல்லை. முட்டாளாக இருந்தால் மன்னித்துவிட்டுப் போயிருப்பாள். அவர் நாற்காலியில் சாய்ந்து, ஒரு வார்த்தை விடாமல் கேட்டார்.

"சார், அது முடிச்சு இல்ல. பேக்கரி."

"புரியுது கோகிலா. போன் இருக்கற எடத்தை கிணறு இருக்கற எடம்னு எடுத்துக்கிட்டிருக்கு."

"ஆமா சார்."

"அப்படின்னா நாம இதுவரைக்கும் மூடின கிணறெல்லாம்?"

"நல்ல கிணறு சார். அத்தனையும்."

"அந்த ஊர் ஜனங்களையெல்லாம் காலி பண்ண வெச்சது?"

"காரணமே இல்லாம சார்."

பரந்தாமன் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார். "பாத்தீங்களா? அதனாலதான் நீங்க சொல்றது உண்மையா இருக்க முடியாது."

 அவர் கனிவாகவே தொடர்ந்தார். "முடிச்சுல பெரிய பம்பிங் ஸ்டேஷன் வரப்போகுது. நாலு மாவட்டத்துக்கு அங்கிருந்துதான் தண்ணி. அடிக்கல் நாட்ட தேதி குறிச்சாச்சு."

"அங்க தோண்டினா மைதா மாவுதான் சார் வரும்."

"தண்ணி வரலைன்னா அது பிழைக் கிணறு. மூடிடுவோம். இதுல என்ன இருக்கு?" என்றார் பரந்தாமன். கிண்டல் இல்லை. மனப்பூர்வமாகத்தான் சொன்னார். "நீங்க வேற ஒண்ணுல கவனம் வையுங்க. நம்ம மாவட்டத்துல அலுவலர் நேர்ல போய்ப் பாத்த கிணறு ஒண்ணுகூட இதுவரைக்கும் பொருந்தினதில்ல. ஒண்ணே ஒண்ணு பொருந்தட்டும்னு மேலிடத்துல உசிரை வாங்கறாங்க. சுற்றறிக்கை பாத்திருப்பீங்களே?"

"பாத்தேன் சார்."

பார்க்கவில்லை. ஆணையத்தின் சுற்றறிக்கைகளை முதல் வரிக்கு மேல் படிப்பதை அவள் எப்போதோ விட்டுவிட்டாள். 'மாண்புமிகு அகழின் மகத்தான வழிகாட்டுதலில்' என்று ஆரம்பிக்கிற எதையும் மனுஷி படிப்பாளா? சிரித்துவிட்டு மூடிவிடுவாள்.

"அந்தக் காலனிப் போர் பொருந்துச்சுன்னா இருந்துட்டுப் போகட்டும். நமக்கென்ன அவங்க மேல விரோதமா? பொருந்தலைன்னா வெள்ளிக்கிழமை மூடிடணும்."

நேரில் போன கிணறு ஒன்றுகூடப் பொருந்தவில்லையாம், அது ஏன் என்று மட்டும் ஒரு ஜென்மத்துக்கும் தோன்றவில்லை. மாடிப்படி இறங்கும்போது கோகிலவாணி வாய்விட்டே திட்டினாள். கீழே காவலாளி தன்னைத்தான் சொல்கிறாள் என்று எழுந்து சலாம் வைத்தான். கடைசிப் படியில் கால் வைத்தபோதுதான் அவளுக்கு அந்த யோசனை வந்தது. இவர்களிடம் நியாயம் பேசி ஆகப்போவது ஒன்றும் இல்லை. இவர்களுக்குப் பச்சைதானே வேண்டும்? கொடுத்துவிட்டால் போயிற்று.

வெள்ளிக்கிழமை காலையில் காலனியில் லாரியோடு இரண்டு போலீஸ்காரர்களும் வந்திருந்தார்கள். சம்பூரணம் போர்க் குழாயின் மூடிமேல் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாள்.

"மொதல்ல எந் தலையில ஊத்துங்க. அப்பறம் கெணத்துல ஊத்திக்கலாம்," என்று போலீஸ்காரர்களுக்குச் சொல்லிக்கொண்டிருந்தாள். "எறங்கும்மா"வுக்கு மேல் அவர்களுக்கு ஒன்றும் வரவில்லை.

கோகிலவாணி அவளைக் கெஞ்சி இறக்கினாள். கேமராவைக் குழிக்குள் இறக்கி, எந்த அடியில் என்ன பாறை, எங்கே வெடிப்பு என்று ஒன்றுவிடாமல் ஒழுங்காக அளந்தாள். அளவில் பொய் சொல்ல அவளுக்கு மனசு வராது. ஆனால் பொத்தானை அங்கே அழுத்தவில்லை. போலீஸ்காரர்களிடம் அரைமணி நேரம் பொறுக்கச் சொல்லிவிட்டு, "அக்கா, வண்டியில ஏறுங்க. ஒரு டீ குடிச்சுட்டு வரலாம்" என்றாள்.

"கெணத்துக்குச் சிமெண்டு கலக்கிட்டிருக்கறான். இவிங்களுக்கு டீ!" என்று பொரிந்தபடியேதான் சம்பூரணம் ஏறினாள்.

நியூ மேனகா பேக்கரி பெஞ்சில் உட்கார்ந்து, இரண்டு டீ சொல்லிவிட்டு, கோகிலவாணி பொத்தானை அழுத்தினாள். முடிச்சில் எந்த ஆழத்தில் எதைச் சொன்னாலும் அகழ் சரி என்றுவிடும். எல்லாம்தான் அங்கே ஏற்கெனவே இருக்கிறதே. பச்சை. 'பொருந்துகிறது. நேரடிச் சரிபார்ப்பு.'

"இவ்வளவுதானுங்களா?" என்றாள் சம்பூரணம்.

"இவ்வளவுதான் அக்கா. கணக்குப்படி உங்க போர் இப்ப இந்த பேக்கரிக்கு அடியில இருக்கு."

"தண்ணி?"

"தண்ணி உங்க காலனியிலதான் வரும். அதுக்குக் கணக்குத் தெரியாதில்ல."

சம்பூரணம் குனிந்து அந்தப் பச்சையைப் பார்த்தாள். பிறகு வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிச் சிரித்தாள். சிரித்துக்கொண்டே அழுதாள். "உங்கொப்புறான, சத்தியமாச் சொல்றேன் மேடம், இந்த நாசமாப்போனவிங்களுக்கு நீங்கதான் சரியான ஆளு," என்று சொல்லி, காலனிக்கு என்று ஒரு பெரிய பையில் தேங்காய் பன் வாங்கிக்கொண்டாள். அவர்கள் திரும்பிப் போனபோது, பச்சை வந்த தகவல் கிடைத்து லாரி கிளம்பிவிட்டிருந்தது. போலீஸ்காரர்கள் குழாயடியில் முகம் கழுவிக்கொண்டிருந்தார்கள். கோகிலவாணிக்கு வேலையில் சேர்ந்த நாளிலிருந்து இவ்வளவு சந்தோஷம் இருந்ததில்லை.

திங்கட்கிழமை அலுவலகத்தில் நுழைந்தபோது வாசலில் கோலம் போட்டிருந்தது. மேஜையில் லட்டு; ஒன்றை யாரோ அவள் கையில் வைத்தார்கள். பரந்தாமன் கையில் ரோஜா மாலை.

"சாதிச்சிட்டீங்க கோகிலா! நேத்து ராத்திரியே அமைச்சர் பேசிட்டார். உங்களுக்குத் தலைமையகத்துல பதவி உயர்வு. துல்லியப் பிரிவுக்கே நீங்கதான் தலைமை."

"எதுக்கு சார்?"

"எதுக்கா? சுற்றறிக்கை பாத்தேன்னீங்களே?" பரந்தாமன் சுவரில் ஒட்டியிருந்ததை விரலால் தொட்டு வாசித்துக் காட்டினார். மாவட்டத்தில் கிணறுகள் போதிய அளவு பொருந்தி, அலுவலர் நேரில் பார்த்த கிணறு ஒன்றாவது பொருந்திவிட்டால், அந்த மாவட்டத்தில் அகழ் முழுமை அடைந்ததாகக் கருதப்படும். அதன் பிறகு அங்கே சரிபார்ப்பு தேவையில்லை. மீதியுள்ள பிழைக் கிணறுகளை யாரும் நேரில் பார்க்காமலே மூடிவிடலாம். "அந்த ஒரு கிணத்துக்காகத்தான் இத்தனை நாளாக் காத்துக்கிட்டிருந்தோம். மத்ததெல்லாம் எப்பவோ ரெடி."

அவள் கையிலிருந்த லட்டு பொடிந்து விழுந்தது. பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காக முடிந்த கதையைச் சின்ன வயசிலிருந்து கேட்டிருக்கிறாள். பிடித்த கை தன்னுடையது என்னும்போது எப்படியிருக்கும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. இத்தனை காலமும் சட்டம் மிச்சம் வைத்திருந்தது ஒன்றே ஒன்றுதான்: யாராவது ஒரு மனுஷி வந்து கண்ணால் பார்க்க வேண்டும். ஒரு காலனிக்காக அதைத் தொலைத்துவிட்டாள். படித்திருந்தால் தெரிந்திருக்கும். சிரித்துவிட்டு மூடி வைத்தாளே!

"சார், அது பொருந்தலை. நான் பொய்யா ஏத்தினேன். பேக்கரியில உக்காந்து ஏத்தினேன்."

பரந்தாமன் சுற்றிலும் ஒரு பார்வை பார்த்தார். பிறகு மாலையை அவள் கழுத்தில் போட்டுவிட்டு, குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

"எல்லாரும் அங்கிருந்துதானே கோகிலா ஏத்தறாங்க? நீங்கதானே சொன்னீங்க."

அவர் மற்றவர்களுக்கு லட்டு கொடுக்கப் போய்விட்டார். யாரோ கை தட்டினார்கள். ரோஜா இதழ்கள் சேலையில் உதிர, கோகிலவாணி வராண்டாவுக்கு வந்து நின்றாள். எல்லாரையும் சொல்லால் அடித்தே பழகியவளுக்கு அப்போது தன்னைத் திட்டிக்கொள்ள ஒரு வார்த்தைகூட அகப்படவில்லை. கைப்பையில் போன் அடித்தது. தெரியாத எண்.

"மேடமுங்களா? வணக்கமுங்க. நான் ஊஞ்சக்காட்டுப்புதூர்ல இருந்து சென்னியப்பன் பேசறனுங்க. நீங்க என்னைப் பாத்ததில்லீங்க. நெசவாளர் காலனிச் சம்பூரணம் அக்கா நெம்பர் குடுத்துச்சு."

"சொல்லுங்க."

"எங்க ஊர்ப் போருக்குச் சிமெண்டு லாரி வந்து நிக்குதுங்க. நீங்க ஒருக்கா நேர்ல வந்து பாத்தீங்கன்னாப் போதும், விட்டுருவாங்கன்னு அக்கா சொல்லுச்சுங்க."

"கூட யாராவது ஆபீசர் வந்திருக்காங்களா?"

"ஒருத்தரும் இல்லீங்க. இனிமே யாரும் வந்து பாக்க வேண்டியதில்லைன்னு டிரைவர் சொல்றான். அவன் கெடக்கறான் வெட்டிப் பையன். பாக்காம எப்படீங்க மூடுவாங்க? அப்படியெல்லாம் சட்டம் இருக்குங்களா?"

அவள் கழுத்திலிருந்த மாலையைக் கழற்றினாள். 

"மேடம்? லைன்ல இருக்கீங்களா?"

"இருக்கேங்க."

"தண்ணி நல்லாத்தானுங்க வருது. நாங்க லாரியை மறிச்சு நிறுத்தி வெச்சிருக்கறோம். நீங்க எப்பங்க வருவீங்க?"